விஞ்ஞானப் பாடத்திற்கும் ஒரு திட்டம் வேண்டும்

(கோலார் தங்க வயலில் நடுநிலை வகுப்பு ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று, அரசின் திட்டங்களை மதிப்பிடும் பணியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவனை விஞ்ஞானப் பாடம் பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறீர்கள். விஞ்ஞானத்தை உங்களுக்குக் கற்பிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் திட்டமிடுதல் என்பது நம் இரு சாராருக்கும் பொதுவான தொழில். ஐந்தாண்டுத் திட்டமாயினும் நாற்பது நிமிடப் பாடமாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் அவையேதான். குறிக்கோள் யாது? கையிலுள்ள வளம் யாது? இடையில் என்ன தடை வரும்? குறிக்கோள் நிறைவேறியதை எவ்வாறு அறிவது? இந்த நான்கனுள் மூன்றாவது கேள்வியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இவ்வூரின் வரலாறு

நீங்கள் அறிந்ததையே நினைவூட்டுகிறேன். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளிகள் நிலத்தைக் குடைந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி தந்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே இந்த வயலுக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும் வரை, இங்கிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது.

தங்கம் மட்டும் எடுக்கப்படவில்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1950-களின் தொடக்கத்திலிருந்தே காஸ்மிக் கதிர்களை அளக்க இச்சுரங்கங்களுள் இறங்கினர். 1965-இல் அந்நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா மாநகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்த குழு, நிலத்தடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இது காணப்பட்டது. உலகப் பௌதிக நூல்களில் இடம்பெற்ற செய்தி இது. அந்தக் கருவிகள் இறங்கிய அதே சுரங்கத்தில்தான் உங்கள் மாணவர்களின் பாட்டனாரும் நாள்தோறும் இறங்கினர்.

இன்று காலை இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், ஏழாம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். பாடம் அடர்த்தி. "ஓரலகு கனஅளவிலுள்ள நிறையே அடர்த்தி" என்று பிள்ளைகள் பிழையின்றி ஒப்பித்தனர். ஆசிரியரின் அனுமதியுடன் நான் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு சிறு தங்க மணி, வாசலில் கிடக்கும் பெரிய கருங்கல், இவற்றுள் அடர்த்தி மிக்கது எது? பெரும்பாலோர் கருங்கல் என்றனர். ஒரு சிறுமி எழுந்து, "கல்லுதான் சார். அதைத் தூக்கவே முடியாதே" என்று விளக்கமும் தந்தாள்.

இதில் ஆசிரியரின் குறை ஏதுமில்லை. அந்தச் சிறுமியின் குறையும் இல்லை. அவள் தன் அனுபவத்திலிருந்து பேசினாள். பாடமோ அவளுடைய அனுபவத்தைத் தொடாமல் அதன் மேலே பறந்து சென்றுவிட்டது. இலக்கணம் மனத்தில் பதிந்தது. பழைய எண்ணமும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

பாடக் குறிப்பேட்டில் இல்லாத ஒரு கட்டம்

நீங்கள் எழுதும் பாடக் குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், துணைக் கருவி, ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் எனக் கட்டங்கள் ஒழுங்காக இருக்கின்றன. தலைமையாசிரியர் கையொப்பமும் இருக்கிறது. அதில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்குமாறு வேண்டுகிறேன். "இப்பாடத்தில் மாணவர் தவறாக எண்ணக்கூடியது யாது?" என்பதே அக்கட்டம்.

அணை கட்டும் பொறியாளர் வெள்ளம் வரும் என்று எண்ணியே வரைபடம் போடுகிறார். ஆசிரியரோ, பிள்ளைகள் சரியாகவே எண்ணுவார்கள் என்று கருதிப் பாடம் எழுதுகிறார். தவறான விடை வரும்போது அதைப் பாடத்திற்கு நேர்ந்த இடையூறாகக் கொண்டு, "உட்கார், அடுத்தவன் சொல்" என்கிறோம். உண்மையில் பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆர்வமூட்டும் பாடம் என்பதற்குப் பலர் வேடிக்கை காட்டும் பாடம் என்று பொருள் கொள்கின்றனர். பொங்கும் நுரையும் நிறம் மாறும் நீரும் பிள்ளைகளைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கவர்ச்சி மணி அடித்ததும் கலைந்துவிடும். தான் ஒரு விடையைச் சொல்லிவிட்டு, அது சரியா தவறா என்று காத்திருக்கும் பிள்ளையின் ஆர்வம் வேறு வகையானது. ஆகவே பரிசோதனைக்கு முன் ஒவ்வொரு மாணவரும் தம் ஊகத்தை எழுதிவைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் போதும்.

கருமணல் பாடம்

அடர்த்திப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு பாடவேளைகள் ஒதுக்குவோம். மழை ஓய்ந்த மறுநாள் சாலையோரத்தில் வெண்மணலின் மேல் கறுப்புக் கோடுகள் படிந்திருப்பதைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

முதற் பாடவேளையில், ஒரு கைப்பிடி மணலைக் காட்டி, "இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? ஏன் தனியே சேர்ந்தது?" என்று கேளுங்கள். தார் என்பர் சிலர். கரி, அழுக்கு என்பர் சிலர். அனைத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். எதையும் மறுக்க வேண்டாம். பின்னர் நால்வர் கொண்ட குழுக்கள் கழுவிப் பார்க்கட்டும். கறுப்பு போகாது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அருகே கொண்டுவரட்டும். கறுப்புத் துகள்களுள் பல துள்ளி ஒட்டிக்கொள்ளும். தாரும் கரியும் விலக்கப்பட்டுவிட்டன. இது மாக்னடைட் என்னும் இரும்புத் தாது.

இரண்டாம் பாடவேளையில், மணலைத் தட்டில் நீருடன் இட்டுச் சுழற்றட்டும். வீட்டில் அரிசியிலுள்ள கல்லை அம்மா எவ்வாறு அரிக்கிறார் என்று கேளுங்கள். செய்து காட்டப் பிள்ளைகளே முன்வருவார்கள். வெண்மணல் நீருடன் வெளியேறும். கருமணல் அடியில் தங்கும். இப்போது உருப்பெருக்கிக் கண்ணாடியால் துகள்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கியவை பெரும்பாலும் சிறிய துகள்கள். வெளியேறியவற்றுள் பெரிய துகள்களும் உண்டு. பெரியதே கனம் என்று எண்ணியிருந்த பிள்ளை இங்கே திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். அதனுடன் அன்றைய வகுப்பு முடியட்டும்.

மூன்றாம் பாடவேளை அளப்பதற்கு உரியது. ஒரே மாதிரியான இரு புட்டி மூடிகள், ஒரு மரச்சட்டம், நூல், எடைக்கற்களாக ஒரே மதிப்புள்ள நாணயங்கள் ஆகியவையே தராசு. ஒரு மூடி நிறைய வெண்மணல், ஒரு மூடி நிறைய உலர்ந்த கருமணல். இடம் ஒன்றே, எடை வேறு. கருமணல் தூயதாக இருந்தால் எடை வெண்மணலைப் போல் இரு மடங்கை நெருங்கும். கலப்பு இருந்தால் குறையும். குழுவுக்குக் குழு விடை மாறும். "யார் விடை சரி?" என்று பிள்ளைகள் உங்களைக் கேட்பார்கள். "ஏன் மாறியது?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். ஈரமா, கலப்பா, மூடியைத் தட்டி நிரப்பினார்களா என்று அவர்களே தேடட்டும். அளவீட்டில் பிழை எங்கே நுழைகிறது என்று தேடும் பழக்கம், அடர்த்தியின் இலக்கணத்தைக் காட்டிலும் நீண்ட நாள் பயன்படும்.

நான்காம் பாடவேளையில்தான் இலக்கணம் வர வேண்டும். நீரின் அடர்த்தியை ஒன்று எனக் கொண்டால், வெண்மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 2.65, மாக்னடைட் ஏறத்தாழ 5.2, தங்கம் 19.3. ஒரு லிட்டர் பாத்திரம் நிறையத் தங்கம் இருந்தால் அதை ஒரு கையால் தூக்க முடியுமா என்று கேளுங்கள். 19 கிலோவுக்கும் மேல் என்று கணக்கிட்டதும் வகுப்பில் எழும் வியப்பை நீங்களே காண்பீர்கள். ஆற்று மணலை அரித்தே பண்டைக் காலத்தில் பொன் எடுத்தனர் என்பதும், பொற்கொல்லர் வீதியில் புழுதியை அரித்துப் பொன் தேடிய அரிப்புக்காரர் தொழிலும் இப்போது தாமே விளங்கிவிடும்.

அடுத்த கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். அரித்தாலே தங்கம் கிடைக்குமெனில் சயனைடு எதற்கு? இங்குத் தங்கம் பாறைக்குள் நுண்துகளாக இருந்தது. பாறையை மாவாக இடிக்க வேண்டியிருந்தது. இடித்த மாவில் இருந்த மிக நுண்ணிய தங்கம் எடைக்கு அடங்காமல் நீருடன் போயிற்று. அதைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறைக்கு 1887-இல் கிளாஸ்கோ நகரில் காப்புரிமை பெறப்பட்டது. எடுத்தது போக எஞ்சிய மாவே இன்று ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகள். பிள்ளைகள் நாள்தோறும் காணும் மேடு, அடர்த்திப் பாடத்தின் கடைசிப் பக்கமாகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடத்திற்கான மணலை அந்த மேடுகளிலிருந்தோ, அவற்றிலிருந்து மழைநீர் வழிந்தோடும் ஓடைகளிலிருந்தோ எடுக்கலாகாது. பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லவும் கூடாது. மணலை ஆசிரியரே தொலைவான, பாதுகாப்பான இடத்திலிருந்து முன்கூட்டியே கொணர வேண்டும். பரிசோதனைக்குப் பின் கை கழுவச் செய்ய வேண்டும். மழையில் மேடு ஏன் கரைகிறது, புல் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, பள்ளி முற்றத்தில் இரு சிறு மண்குவியல்களும் ஒரு பூவாளியும் போதும். ஆபத்தை அறியாத ஆர்வத்தைத் திட்டமிட்ட ஆர்வம் எனச் சொல்ல இயலாது.

காகிதமும் பாறையும்

எட்டாம் வகுப்புக்கு இன்னொன்று. இருட்டறையில் கைவிளக்கின் முன் நோட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனையாவது காகிதத்தில் வெளிச்சம் அடியோடு மறையும் என்று முன்பே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காகிதமும் ஒரே அளவு ஒளியைக் கழிக்கும் என்று பிள்ளைகள் எண்ணுவார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் தன்னை வந்தடைந்த ஒளியில் ஏறத்தாழ ஒரே பங்கைக் குறைக்கிறது. எனவே ஒளி மெல்ல மெல்லக் குன்றுமேயன்றித் திடீரென அறுபடாது. இதைக் கண்ட பிள்ளைக்கு, விஞ்ஞானிகள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஏன் இறங்கினர் என்பதைச் சொல்லலாம். வானிலிருந்து பொழியும் துகள்களைப் பாறை படிப்படியாகத் தடுக்கிறது. அந்த ஆழத்தில் ஏனைய துகள்களின் இரைச்சல் அடங்கிவிடுவதால், எதையும் ஊடுருவும் நியூட்ரினோவின் மெல்லிய குரல் கேட்கிறது. ஒப்புமை முழுமையானதன்று. எனினும் தொடங்குவதற்குப் போதுமானது.

ஹோஷங்காபாத் தந்த பாடம்

இவையெல்லாம் பேச நன்றாயிருக்கும், சாதாரணப் பள்ளியில் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்றைய நர்மதாபுரத்தில், கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள பிரெண்ட்ஸ் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சியைத் தொடங்கின. இங்கே சுரங்கத்தில் கருவிகளை இறக்கிய அதே டாட்டா நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் டில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதற்குத் துணை நின்றனர். 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிந்தது. 1982 முதல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் அதனை நடத்தியது.

அங்குப் பாடப்புத்தகம் விடைகளைத் தரவில்லை. பரிசோதனைகளையும் கேள்விகளையும் தந்தது. ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் தாமே மாணவர்களைப் போல் அமர்ந்து பரிசோதனைகளைச் செய்தனர். மாதந்தோறும் கூடி, வகுப்பில் என்ன தவறியது என்று பேசினர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகள் தம் ஐயங்களைச் "சவாலிராம்" என்னும் கற்பனை நண்பருக்குக் கடிதமாக எழுதினால் பதில் வரும்.

நிர்வாகியின் கண்ணோடு பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அவர்கள் பாடத்தை மட்டும் மாற்றவில்லை. பயிற்சி, கருவிப் பெட்டி, மாதக் கூட்டம், தேர்வு ஆகிய நான்கையும் சேர்த்தே மாற்றினர். தேர்வு பழையபடி இலக்கணத்தைக் கேட்டால், எந்த ஆசிரியரும் கருமணலுக்கு நான்கு பாடவேளை ஒதுக்கமாட்டார். ஒதுக்குமாறு கேட்பதும் நியாயமன்று. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. நல்ல பாடமும் அதைத் தாங்கும் நிர்வாகம் விலகினால் நிற்காது என்பதற்கு இது சான்று.

பூட்டிய அலமாரி

நிர்வாகம் என்று பிறரைச் சுட்டுவதற்கு முன் என் பிழையையும் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், வேறொரு மாநிலத்தில், ஒரு கிராமப் பள்ளியைப் பார்வையிடச் சென்றேன். விஞ்ஞான ஆசிரியர் இளைஞர். பிள்ளைகளின் கையில் கருவிகளைக் கொடுத்துப் பாடம் நடத்தினார். இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தேன். இரண்டு முகவைகளும் ஒரு வெப்பமானியும் குறைந்தன. உடைந்துவிட்டன என்றார். "இழப்புக்குப் பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டும்" என்று குறிப்பெழுதினேன். விதிப்படி அது சரி.

ஈராண்டு கழித்து மீண்டும் சென்றபோது பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. கருவிகள் அனைத்தும் அலமாரியில், பூட்டின் பின்னே, தூசி படிந்து முழுமையாக இருந்தன. அந்த ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு மரியாதையாக எழுந்து நின்றார். நான் எழுதிய ஒற்றை வரி ஒரு பள்ளியின் விஞ்ஞான வகுப்பை மூடிவிட்டது என்பதை அன்று உணர்ந்தேன். அதைத் திருத்த அன்று எனக்கு அதிகாரமும் இல்லை, துணிவும் இல்லை.

எனவே இங்கு வந்துள்ள அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. எத்தனை கருவிப் பெட்டிகள் வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். இவ்வாண்டு எத்தனை பொருள்கள் பயன்படுத்தி உடைந்தன, அவற்றை ஈடு செய்ய எவ்வளவு ஒதுக்கினோம் என்று கேளுங்கள். ஒன்றும் உடையாத ஆய்வுக்கூடத்தின் கணக்கில் வரவு இருக்கும், பயன் இராது. பயன்பாட்டில் உடைவதைத் தேய்மானமாகக் கொள்ளச் சிறு தொகை ஒதுக்கினால் போதும். ஆசிரியரின் அச்சம் அகலும்.

இவ்வூருக்கே உரிய வளம்

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இவ்வூரில் வேறெங்கும் இல்லாத ஒரு வளம் உண்டு. சுரங்கத்தின் ஆழத்தில் பணிபுரிந்து ஓய்ந்தவர்கள் இன்றும் உங்கள் தெருக்களில் வாழ்கின்றனர். கீழே செல்லச் செல்ல வெப்பம் ஏன் ஏறும், பாறை வெடிக்குமுன் என்ன ஒலி கேட்கும், நீரை எப்படி மேலேற்றினர் என்பதை அவர்களைப் போல் சொல்ல எந்தப் புத்தகத்தாலும் இயலாது. சுரங்கம் மூடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவர்களுக்கு வயது ஏறுகிறது. ஒரு பருவத்திற்கு ஒருவரையேனும் வகுப்புக்கு அழையுங்கள். கேள்விகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிவைக்கட்டும்.

அப்போது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், "இன்னும் தங்கம் இருக்கிறதா? இருந்தால் ஏன் மூடினார்கள்?" என்று. மழுப்ப வேண்டாம். தங்கம் முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஒரு டன் பாறையில் சில கிராமே இருக்கும்போது, அந்தப் பாறையை மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து உடைத்து, ஏற்றி, இடித்து எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியது. விஞ்ஞானம் முடியும் என்று சொன்னதைப் பொருளாதாரம் கட்டாது என்றது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். தம் குடும்பத்தின் வாழ்வை மாற்றிய முடிவின் காரணத்தைத் தாமே கணக்கிட்டு அறிவது அவர்களின் உரிமை.

விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்பும் பெற்றோரின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களும் நாளை அந்த இரயிலில் ஏறக்கூடும். சொன்னதை ஒப்பிக்க மட்டும் கற்றவராக ஏறுகிறார்களா, கண்டதைச் சோதித்து முடிவு செய்யக் கற்றவராக ஏறுகிறார்களா என்பது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பெரிதும் தீர்மானமாகிறது. காலையில் பேசிய அந்தச் சிறுமியின் கையில் ஒரு தட்டு மணலும் சிறிது நீரும் கொடுங்கள். மற்றதை அவளே கண்டுகொள்வாள்.